வித்தை பெரிசா, ஆள் பெரிசா?

ஆபீஸ் லஞ்ச் டயத்தில் டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு ஆரம்பிக்கும் வழக்கு இது. 'கராத்தேக்காரனும் பாக்ஸரும் மோதினா யார் ஸார் ஜெயிப்பா?' உடனே மேஜை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். 'ஸ்டைல்தான் எல்லாம்' என்பது ஒரு கட்சி. 'அடிக்கிறவன் கிட்ட சரக்கு இருந்தா எந்த ஸ்டைலும் செல்லும்' என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேருமே சாட்சிக்கு ப்ரூஸ் லீயைக் கூப்பிடுவார்கள். பாவம், மனுஷன் 1973-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தயிர்சாதம் முடியும்வரை தீர்ப்பு வராது.

இந்த வழக்கை ஒரு முறை நிஜமாகவே மேடையேற்றிப் பார்த்தார்கள். 1993 நவம்பர் 12. அமெரிக்காவில் டென்வர் நகரம். எட்டு ஆசாமிகள். சுமோ, குத்துச்சண்டை, கராத்தே, கிக் பாக்ஸிங், ஸவாத் என்கிற பிரெஞ்சு உதைச்சண்டை, ஜூஜிட்ஸு என்று ஆளுக்கொரு வித்தை. எடைப் பிரிவு கிடையாது, பாயிண்ட் கிடையாது. கடிக்காதே, கண்ணைத் தோண்டாதே... சட்டப்புத்தகம் ஏறக்குறைய அவ்வளவுதான். கடைசியில் நிற்பவருக்கு 50,000 டாலர். இன்றைக்கு யு.எஃப்.ஸி. என்று கோடிகளில் புரளும் வியாபாரத்துக்கு அன்றுதான் கடை திறப்பு.

முதல் சண்டையே அமர்க்களம். சுமோக்காரர் டெய்லா துலி கிட்டத்தட்ட 190 கிலோ. எதிரே டச்சுக்காரர் ஜெரார்ட் கோர்டோ, உதைச்சண்டைக்காரர். துலி பாய்ந்தார், தடுமாறிக் கீழே விழுந்தார். எழுவதற்குள் முகத்தில் ஒரு உதை. பல் ஒன்று தெறித்துக்கொண்டு ரிங்குக்கு வெளியே போய் விழுந்தது. மொத்தம் 26 விநாடி. கோர்டோவின் பாதத்தில் துலியின் பல் துண்டு தைத்திருக்க, அதோடேயே அடுத்த சண்டைக்குப் போனார்!

இந்தக் கூட்டத்தில் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு ஒரு ஒல்லி ஆசாமி. பிரேஸில்காரர், ஹாய்ஸ் கிரேஸி, சுமார் 80 கிலோ. பார்த்தால் கணக்கு டியூஷன் எடுப்பவர் மாதிரி இருப்பார். முதலில் வந்த பாக்ஸர் ஆர்ட் ஜிம்மர்ஸன் ஒரே ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். ஹாய்ஸ் அவரைக் கட்டிப்பிடித்து, கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்தார். அவ்வளவுதான். பாக்ஸர் தரையைத் தட்டி 'விட்டுடுப்பா' என்று சொல்லிவிட்டார். அடுத்து கட்டுமஸ்தான கென் ஷாம்ராக். கழுத்து நெரிபட்டு அவரும் தட்டினார். கடைசியில் நம் கோர்டோவும் அதே கதி. மூன்று சண்டையும் சேர்த்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு விநாடி குறைவு. சீரியலுக்கு நடுவே வரும் விளம்பரம்கூட இதைவிட நீளம்.

'பாத்தியா, ஸ்டைல்தான்!' என்று முதல் கட்சி கைதட்டும். கொஞ்சம் இருங்கள்.

நான் படித்தது பி.காம். எந்தச் சண்டையைப் பார்த்தாலும் கல்லாப்பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடும் வியாதி உண்டு. அந்தப் போட்டியை நடத்தியவர்களில் ஒருவர் ஹோரியன் கிரேஸி. ஹாய்ஸின் அண்ணன். அவர்கள் குடும்பத்திலேயே பெரிய சண்டைக்காரர் என்று பெயரெடுத்தவர் இன்னொரு அண்ணன் ஹிக்ஸன். அவரை ஏன் இறக்கவில்லை? ஹிக்ஸன் ஜெயித்தால், 'உடம்பைப் பாத்தியா, அதான் ஜெயிச்சான்' என்று ஜனங்கள் போய்விடுவார்கள். ஒல்லிப்பிச்சான் ஜெயித்தால்? 'இந்த வித்தையை எங்கே கத்துக் கொடுக்கறாங்க?' என்று கேட்பார்கள். கேட்டார்கள். அமெரிக்கா முழுக்க ஜூஜிட்ஸு வகுப்புகள் முளைத்தன. சும்மா சொல்லக்கூடாது, சோப்பு விற்கிறவர்களுக்குக்கூட இப்படி ஒரு விளம்பரம் தோன்றியதில்லை.

ஆனால் விளம்பரம் மட்டும் கழுத்தை நெரிக்காது. ஜிம்மர்ஸன் லேசுப்பட்ட ஆளில்லை, தொழில்முறை பாக்ஸர். ஆனால் கீழே விழுந்து புரளும் சண்டை அவருக்கு அவுட் ஆஃப் சிலபஸ். கிரேஸி குடும்பத்துக்கோ பல வருஷமாக அதுதான் தினசரி வீட்டுப்பாடம். 'யார் வேண்டுமானாலும் வாங்க' என்று பிரேஸிலில் சவால் விட்டு, வந்தவர்களோடெல்லாம் கட்டிப்புரண்ட பரம்பரை.

அந்தப் பாடம் அவர்களுக்கு வந்த வழி சுவாரஸ்யம். ஜப்பானில் ஜிகோரோ கானோ என்ற வாத்தியார் 1882-ல் கோடோகன் என்ற பள்ளியை ஆரம்பித்தார். பழைய ஜூஜிட்ஸுவில் ஆளை முடமாக்கும் வித்தைகள் நிறைய இருந்தன. அவற்றை அன்றாடப் பயிற்சியிலிருந்து விலக்கினார். மிச்சத்தை வைத்துக்கொண்டு, மாணவர்களை முழு பலத்தோடு தினமும் மோதவிட்டார். அதுதான் ஜூடோ. அங்கே பழகிய மயேடா என்பவர் 1914-ல் பிரேஸில் போனார். அவரிடமிருந்து கார்லோஸ் கிரேஸி கற்றுக்கொள்ள, அவர் தம்பி ஹீலியோ அதை மெருகேற்றினார். ஹாய்ஸ் இந்த ஹீலியோவின் பிள்ளை.

இதில் ஒரு வேடிக்கை. கண்ணைக் குத்துவது, குரல்வளையைப் பிடுங்குவது மாதிரி பயங்கர வித்தைகளை எவனாலும் பழக முடியாது. சாயங்காலம் யார் கண்ணைக் குத்திப் பழகுவது? பக்கத்து மாணவன் மறுநாள் வரமாட்டானே! அதனால் காற்றில்தான் குத்தியாகவேண்டும். காற்று திருப்பி அடிக்காது, நகராது. 'அபாயம் குறைந்த' ஜூடோக்காரனோ, தன்னைத் தள்ள வருகிறவனை வருஷத்துக்கு ஆயிரம் தடவை தள்ளிப் பார்த்திருப்பான். எது நிஜத்தில் அபாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

2017 ஏப்ரலில் சீனாவின் செங்டுவில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஷூ ஷியாவ்டாங் என்ற கலப்புச் சண்டைக்காரரும், வெய் லெய் என்ற தைச்சி மாஸ்டரும் மோதினார்கள். மாஸ்டர் கைகளை அழகாக நீட்டி, பாரம்பரியமாக நின்றார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, தரையில் கிடந்தார். சீனாவில் பலருக்குக் கோபம் வந்தது, அடித்தவர் மேல்! 'நம் கலாசாரத்தையே கேவலப்படுத்திட்டான்' என்று வசவு. அதற்காகத் தைச்சி மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் பார்க்கில் செய்கிற பெரியவர்களுக்கு அது தங்கமான சமாசாரம். அதை வைத்துக்கொண்டு மூக்கைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதில்தான் வில்லங்கம்.

சிலபஸ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1976-ல் டோக்கியோவில் நடந்த கூத்தும் சாட்சி. முகமது அலி, எதிரே மல்யுத்தக்காரர் இனோகி. இனோகி பாதி நேரத்துக்கு மேல் மல்லாக்கப் படுத்துக்கொண்டே அலியின் காலை உதைத்தார். பதினைந்து ரவுண்டில் அலி விட்ட குத்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மேட்ச் டிரா. அலியின் கால் வீங்கியதுதான் மிச்சம்.

சரி, கிரேஸி வித்தை அசைக்க முடியாததா? 2000 மே 1. டோக்கியோ டோம் ஸ்டேடியம். ஹாய்ஸுக்கு எதிரே ஸகுராபா என்ற ஜப்பான்காரர். தம் அடிப்பார், தண்ணியும் போடுவார், ரிங்கில் கோமாளித்தனம் பண்ணுவார். எத்தனை ரவுண்டு வேண்டுமானாலும் போகலாம், நடுவர் நிறுத்தக்கூடாது என்று நிபந்தனை போட்டதே கிரேஸி தரப்புதான். பதினைந்து நிமிஷ ரவுண்டு ஆறு போனது. ஒன்றரை மணி நேரம்! ஹாய்ஸின் உடுப்பையே பிடித்து இழுத்து விளையாடினார் ஸகுராபா. உதை வாங்கி வாங்கி ஹாய்ஸுக்குக் கால் ஊன்ற முடியாமல் போக, அவர் தரப்பே துண்டை வீசியது. அதே ராத்திரி ஸகுராபா இன்னொரு ஆளோடு வேறு பதினைந்து நிமிஷம் சண்டை போட்டார். இதற்கு என்ன ஸ்டைல் என்று பெயர் வைப்பது?

ஆறு வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சலிஸில் மாட் ஹ்யூஸ் ஹாய்ஸை முதல் ரவுண்டிலேயே முடித்தார். ஹ்யூஸ் அடிப்படையில் மல்யுத்தக்காரர், ஆனால் ஜூஜிட்ஸுவும் பழகியிருந்தார். 1993-ல் ஒரு குடும்பத்தின் சமையல் ரகசியம், 2006-ல் எல்லா ஹோட்டலிலும் கிடைத்தது. ரகசியமாக இருக்கும் வரைக்கும் ஸ்டைல் ஜெயிக்கும். சரக்கு எல்லாக் கடைக்கும் வந்துவிட்டால், அப்புறம் ஆளைத்தான் பார்க்கணும்.

அதனால் வகுப்பில் சேரப்போகும் தம்பிகள், மாஸ்டர் இடுப்பில் என்ன கலர் பெல்ட் என்று பார்த்து மயங்கவேண்டாம். ஒரு சாயங்காலம் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் நிஜமாக மல்லுக்கட்டுகிறார்களா, இல்லை வரிசையாக நின்று 'ஹூ, ஹா' மட்டும்தானா? மாஸ்டர் அடிக்கும்போது எதிரில் இருப்பவன் தானாகவே விழுகிறானா? அப்படியானால் அட்மிஷன் பீஸை மிச்சம் பிடித்து நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி கடைசி பஸ்ஸில் இறங்கி நடக்கும்போது ஒருத்தன் கத்தியைக் காட்டினால், காற்றில் பழகிய கறுப்பு பெல்ட்டை நம்பி நிற்பதைவிட ஓடுவது உத்தமம். (எல்லாம் பழகியவர்களும் ஓடத்தான் செய்வார்கள், நம்மைவிட வேகமாக!)

வழக்கில் ஒரு சாட்சி பாக்கி. 1951 அக்டோபர், பிரேஸிலின் மரக்கானா ஸ்டேடியம். அதே ஹீலியோ கிரேஸியோடு மோத ஜப்பானிலிருந்து மஸாஹிகோ கிமுரா என்ற ஜூடோக்காரர் வந்தார். மற்றவர்கள் செய்வதைப்போல மூன்று மடங்கு பயிற்சி செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. மரத்தோடெல்லாம் மோதிப் பழகியவர். ஹீலியோவின் கையைப் பின்பக்கமாக முறுக்கிப் பூட்டினார். எலும்பு முறியும் சத்தமே கேட்டதாகக் கிமுரா பிற்பாடு எழுதினார். ஹீலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசி நிறுத்தினார்.

அந்தப் பூட்டு ஜூடோவில் காலகாலமாக இருக்கிற ஒன்று. அதற்கு ஜப்பானிய மொழியில் ஒரு நீளமான பெயரும் உண்டு. ஆனால் கிரேஸி குடும்பத்து வகுப்புகளில் அதை இன்றைக்கும் 'கிமுரா' என்று சொல்லித்தான் பையன்களுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள்.