உறை பிரிக்காத இசைத்தட்டு யாருக்கு?

பழைய தமிழ்ப் படமொன்றின் இசைத்தட்டு பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடைத்தால் சேகரிப்பாளர் கூடுதல் விலை தருவார். அந்த விலையை விற்பவர் வாங்குவதில் தவறில்லை. ஆனால், கேட்கப்படாமலே அந்தத் தட்டு கைமாறிக்கொண்டிருப்பதை ஏற்க முடியவில்லை. அன்புவழிபுரம் போன்ற திருகோணமலைக் குடியிருப்புகளில் வெக்கையும் கடற்காற்றின் ஈரமும் பழகிப்போனவை. இறுகச் சுற்றிய உறை வெப்பத்தில் சுருங்கினால் வினைல் தட்டு நெளியும். உள்ளே ஈரம் தங்கினால் அட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். மறு உறையிட்டுப் புதிதென்று விற்கும் மோசடியும் உலகச் சந்தையில் உண்டு. ஆக, உறை எதற்கும் உத்தரவாதம் அல்ல.

பாட்டுத்தான் இணையத்தில் இருக்கிறதே என்பார்கள். எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா பாடல்களுக்கு அது பெரும்பாலும் சரி. குத்துவிளக்கு (1972), வாடைக்காற்று (1978) காலத்து நம் இலங்கைத் தமிழ்ப் படப் பாடல்களுக்கும் பொப்பிசைக்கும் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 வன்செயலும் போரும் 2004 ஆழிப்பேரலையும் வீட்டு அலமாரிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. தப்பிய ஒற்றைத் தட்டே மூலப்பிரதியாக இருக்கலாம்; அதனால் அதைப் பிரித்துக் கேட்டாக வேண்டும். பிரித்தால் விலை விழும் என்பதுதான் வலுவான மறுப்பு. அந்த நட்டத்தை விற்பவர் தலையில் கட்டக்கூடாது. சேகரிப்பாளர் முழு விலையும் கொடுத்து வாங்கட்டும். பிறகு அவரே பிரித்து, ஒலியையும் அட்டையின் இருபுறத்தையும் எண்ணிமப்படுத்தி நூலக நிறுவனம் போன்ற ஆவணகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கட்டும். அந்த உறுதியை விற்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.