கை நடுங்குமுன் எழுதுக!

மாளிகை கட்டியவனுக்கு உயில் வேண்டும், மண்சுவர் கட்டியவனுக்கு எதற்கு உயில் என்று கேட்கும் தோழர்கள் நம்மில் உண்டு. பண்ணையாருக்கும் ஆலை முதலாளிக்கும் பக்கத்திலேயே வக்கீல் இருக்கிறார். பாதி இரவில் கூப்பிட்டாலும் பத்திரம் எழுதித் தருவார். பஞ்சாலையிலும் பணிமனையிலும் முப்பதாண்டு முதுகொடிந்த தொழிலாளிக்கு யார் இருக்கிறார்? இரண்டு சென்ட் மனை, அதிலே ஓர் ஓட்டு வீடு, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மனைவியின் கழுத்தில் நாலு சவரன் — அவன் சாம்ராஜ்யம் இவ்வளவே! பத்து வீடு உள்ளவன் ஒன்றை இழந்தால் ஒன்பது மிஞ்சும். ஒரே வீடு உள்ளவன் அதை இழந்தால் தெருதான் மிஞ்சும். ஆகவே உயில் முதலில் யாருக்கு வேண்டும்? ஏழைக்குத்தான் வேண்டும் என்கிறோம் நாம்.

எழுதாமலே ஒருவர் கண்மூடிவிட்டால் என்ன ஆகும்? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் சம்பாதித்த சொத்து மனைவிக்கும், தாய்க்கும், மகனுக்கும், மகளுக்கும் சமமாகப் போகும். மனைவி, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள் என்றால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. நியாயமான கணக்குத்தானே என்பீர்கள். கணக்கு நியாயந்தான். ஆனால் இரண்டு சென்ட் வீட்டை ஐந்தாக வெட்டினால் யார் எந்த மூலையிலே படுப்பது? விற்க வேண்டுமானால் ஐவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் முறைத்தால் வழக்குமன்றம். சட்டத்துக்குத் தலைகளை எண்ணத் தெரியும். தேவைகளை எண்ணத் தெரியாது. எந்தப் பிள்ளை நோயாளி, எந்த மகள் கணவனை இழந்து வந்தவள், யார் கஞ்சி ஊற்றியவர், யார் எட்டிப் பாராதவர் என்பது குடும்பத் தலைவருக்குத் தெரியும். அவர்தான் எழுத வேண்டும்.

எழுதுவது மலையைப் புரட்டும் வேலையா? இல்லை, தோழர்களே! உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். உங்கள் தாய்மொழியாம் தமிழிலேயே எழுதலாம். பதினெட்டு வயது நிறைந்து, தெளிந்த நினைவோடு இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்திட வேண்டும். அவர்களும் உங்கள் முன்னிலையிலே கையெழுத்திட வேண்டும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இதுதான். பதிவு கட்டாயமில்லை, ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால், பின்னால் போலி என்று கூவுவோரின் வாய் பெரிதும் அடங்கும். சொத்தைப் பெறப்போகிறவரைச் சாட்சியாக்க வேண்டாம். உங்களைவிட வயதில் இளையவரைச் சாட்சியாக்குங்கள். சர்வே எண், பத்திர எண், பட்டா எண் அனைத்தையும் குறியுங்கள். மனம் மாறினால் எத்தனை முறையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். பாட்டன் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும் என்பதை மறவாதீர். இசுலாமியத் தோழர்களோ, வாரிசுகளின் இசைவின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது.

இனி, உயிலைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று. பாசத்தால் பல பெற்றோர் உயில் எழுதுவதில்லை. உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உயில் நீங்கள் இறந்த பிறகு பேசும். செட்டில்மெண்ட் பதிவான அன்றே பேசும். அன்று காலை வீட்டுக்காரர், மாலையிலே விருந்தாளி! விருந்து எத்தனை நாள்? மகன் முகம் சுளிக்கிறான், மருமகள் தட்டை நகர்த்துகிறாள், கடைசியில் கட்டிய வீட்டின் திண்ணையும் சொந்தமில்லை. இப்படித் திண்ணைக்கு வந்த கிழவர்களை ஊருக்கு ஊர் காண்கிறோமே!

2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இவர்களுக்குக் கை கொடுக்கிறது. பராமரிப்போம் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தை வாங்கிக்கொண்டு, பிறகு கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். ஆனால் அந்த நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 சனவரியிலே அதே நீதிமன்றம், முதியோரைக் காக்கும் வகையிலேயே இச்சட்டத்தைப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. நல்லதுதான். ஆயினும் எழுதாத நிபந்தனைக்காக நீங்கள் வாதாட வேண்டும். எழுதிய நிபந்தனை உங்களுக்காகத் தானே வாதாடும். எனவே கொடுத்தே ஆகவேண்டுமென்றால், சோறும் துணியும் மருந்தும் இருப்பிடமும் தருவதாகப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். ஆயுள் உள்ளவரை அவ்வீட்டில் வாழும் உரிமையை நிறுத்திக்கொள்ளுங்கள். கைவிடப்பட்டவர்கள் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். அச்சட்டப்படி மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு ஆணையிட முடியும். பெற்ற பிள்ளைமீது மனுவா என்று கூசாதீர். பெற்றவர் பட்டினி கிடப்பதற்குக் கூசாத பிள்ளையிடம் நமக்கென்ன கூச்சம்?

சாவுக்கு முன்னே படுக்கை ஒன்று இருக்கிறது. பக்கவாதமோ மறதி நோயோ வந்து ஐந்தாண்டு, பத்தாண்டு படுத்துவிட்டால் என் செய்வது? பொது அதிகாரப் பத்திரம் இருக்கிறதே என்பர் சிலர். எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை இழந்தால் அந்த அதிகாரமும் இழந்து போகும் என்பதே ஒப்பந்தச் சட்டம். ஆகையால் இன்றே வங்கிக் கணக்கை, கணவன் மனைவி இருவரில் எவரும் எடுக்கத்தக்க கூட்டுக் கணக்காக்குங்கள். ஓய்வுக்காலப் பணம் வந்தவுடன் முழுவதையும் கல்யாணச் செலவிலே கொட்டிவிடாமல், படுக்கைக் காலத்துக்கென ஒரு பகுதியைத் தனியே ஒதுக்குங்கள். மருந்துச் செலவும் ஆள் கூலியும் கடன்காரனைக் காட்டிலும் கடுமையானவை, தவணை கேளா!

நியமனதாரர் பற்றியும் ஒரு சொல். வங்கியிலே எழுதிய பெயர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை. உரிமையாளர் வேறு, வாரிசுகளே உரிமையாளர். வைப்பு நிதிக்கு மணமாகாத காலத்தில் அண்ணன் பெயரைக் கொடுத்தவர்கள், மணமானபின் மனைவி மக்கள் பெயரைக் கொடுத்தார்களா? நாளைக்கே படிவத்தைப் பாருங்கள்.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளை உள்ள வீட்டிலே, பெற்றோர் தூங்குவதில்லை. நமக்குப் பின் யார் என்ற கேள்வி தூங்கவிடாது. அங்கேதான் அறக்கட்டளை வேண்டும். சொத்தை ஓர் அறங்காவலர் வசம் வைத்து, வருமானம் அப்பிள்ளையின் உணவுக்கும் மருந்துக்கும் மட்டுமே என்று எழுதலாம். 1882ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. வீடோ நிலமோ என்றால் பதிவு செய்தாக வேண்டும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் சட்டபூர்வப் பாதுகாவலர் நியமனமும் கோரலாம். அறங்காவலர் ஒருவர் போதாது, இருவராவது இருக்கட்டும். தனியாளின் நேர்மைக்குத் துணை, பக்கத்திலே நிற்கும் இன்னொரு கண்.

கடைசியாக, நம்மவர்களிடமே ஒரு கேள்வி. 1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அறுபதாண்டு கழித்து, 1989இல், கலைஞர் அரசு பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை தந்து சட்டம் செய்தது. 2005இல் இந்திய நாடு முழுவதும் அவ்வழி வந்தது. மேடையிலே இதைச் சொல்லி மார் தட்டுகிறோம். வீட்டிலே? சீர் செய்தோம், நகை போட்டோம், இன்னும் என்ன என்று கூறி, அண்ணன்மார் கூடி நின்று தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கவில்லையா? மாநாட்டிலே பெற்ற உரிமையை மாட்டுத் தொழுவத்திலே பறித்துக்கொள்வதா கொள்கை? சீர் வேறு, பங்கு வேறு. கொடி பிடிக்கும் கை, தங்கையின் பங்கைத் தடுக்கும் கையாகலாமா?

பெண்களும் உயில் எழுத வேண்டும். கணவரும் பிள்ளைகளும் இல்லாத இந்துப் பெண் எழுதாமல் இறந்தால், அவள் உழைத்துச் சேர்த்த சொத்து முதலில் கணவனின் உறவுக்கே போகும். பெற்று வளர்த்த தாய் தந்தை அதன் பின்னரே. ஒரு தாள் எழுதினால் இந்தக் கொடுமை நில்லாது.

ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்கும் சங்க அலுவலகத்துக்கும் வருகிற தோழர்களே! ஒரு வாரம் அரசியலோடு அலமாரியையும் பேசுவோம். பத்திரம், பட்டா, வங்கிப் புத்தகம், காப்பீட்டுப் பத்திரம் எங்கே இருக்கின்றன என்று மனைவிக்குச் சொல்லுங்கள். விவரம் அறிந்த வழக்கறிஞரைச் சங்கத்துக்கு அழையுங்கள். உயிருள்ளவரை உரிமையைக் கைவிடாதீர். உயிர் போனபின் அது உரியவர் அனைவரையும் சேர எழுதி வையுங்கள். உழைத்த கை உறுதியோடு இருக்கும்போதே எழுதட்டும்!