எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு சூடுபிடித்துவிடும். இம்முறை ஈப்போவில் அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம். சேலை, சீர்த்தட்டு எல்லாம் பேசி முடிந்ததும் அண்ணன் பயணத்தையும் ஒரே வரியில் முடித்துவிட்டார். “வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு ராத்திரி 12 மணிக்குக் கிளம்புனா ஜாம் இருக்காது. காலையில ஈப்போல இட்லி.”

இட்லி ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கார் ஓட்டப்போவது யார்? காலை ஆறரைக்கு எழுந்து நாளெல்லாம் வேலை பார்த்த அதே அண்ணன். ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர்; அங்கிருந்து ஈப்போவுக்கு இன்னும் 200. பின்னிரவு நான்கு மணிக்கு அவர் கண்விழித்து 21 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பின்னால் அம்மா, அண்ணி, இரண்டு பிள்ளைகள், நான். எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்போம். பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இருக்காது.

நெரிசலுக்குப் பயந்து நள்ளிரவில் கிளம்புவது நமக்கு ஊறிப்போன பழக்கம். கடற்பாலத்தில் மூன்று மணி நேரம் நின்றால் எரிச்சல் வரும், முதுகு வலிக்கும், அவ்வளவுதான். ஆனால் பின்னிரவு 2 மணியிலிருந்து 6 மணி வரை நம் உடம்பு தூங்கவே பார்க்கும். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் 30 மீட்டர் போகிறது. மூன்று வினாடி கண் அசந்தால் 90 மீட்டர். பாட்டைச் சத்தமாக வைப்பதும் சன்னலைத் திறப்பதும் கொஞ்ச நேரத்துக்குத்தான் உதவும். எங்கள் உறவினர் ஒருவர் இப்படித்தான் விடியற்காலையில் தடுப்புக் கம்பியை உரசிக்கொண்டே போய் நின்றார். பின்னிருக்கைப் பிள்ளைகள் வார் போட்டிருந்ததால் காயத்தோடு போயிற்று.

ஆகவே நான் வேறு திட்டம் எழுதினேன். வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு எல்லையை மட்டும் கடப்பது. ஜோகூர் பாருவில் விடுதி எடுத்து நன்றாகத் தூங்கிவிட்டு, சனிக்கிழமை காலை வெளிச்சம் வந்தபின் வடக்கே கிளம்புவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வுத்தளத்தில் இறங்குவது. பாகோவோ ஆயர் குரோவோ, எது தோதாக வருகிறதோ அது. அதற்குமேலும் கண் சொக்கினால் ஒரு காப்பி குடித்து உடனே 20 நிமிடம் தூங்கச் சொன்னேன். காப்பி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் விழிப்பும் வந்துவிடும்.

அம்மாவின் இன்சுலினும் இந்தத் திட்டத்தில்தான் நேரத்துக்கு அமைகிறது. அதைக் காரின் பின்பெட்டியில் வைக்கக் கூடாது, வெயிலில் வெந்துவிடும். குளிர்காப்புப் பையில், பனிக்கட்டி நேராகப் படாமல் துணி சுற்றி, அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். பக்கத்திலேயே பிஸ்கட்டும் இனிப்புப் பானமும். நெரிசலில் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும்.

மற்றதெல்லாம் அண்ணனுக்கே தெரியும். சிங்கப்பூர்க் கார் என்பதால் முக்கால் டாங்கி எண்ணெய் இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. மலேசிய வாகன நுழைவு அனுமதி இல்லாவிட்டால் 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம். அங்கே நமக்கு ரோன் 95 ஊற்றக் கூடாது, 97தான். டச் அண்ட் கோ அட்டையில் பணம், கடப்பிதழில் ஆறு மாத மிச்சம். டயருக்கு மட்டும் ஒரு சொல்: ஆறு பேரும் சுமையும் ஏறினால் வழக்கமான காற்று போதாது. ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சுமைக்கான அளவு இருக்கும். டயர் சூடாகும் முன்பே பார்த்துவிட வேண்டும். உங்கள் காரில் மாற்று டயர் இருக்கிறதா என்றும் ஒருமுறை திறந்து பாருங்கள். பல புதுக் கார்களில் ஒட்டுப் பசையும் காற்றுப் பம்பும்தான் இருக்கின்றன.

“ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு எதுக்கு விடுதிக் காசு?” என்றார் அண்ணன். “அண்ணா, நீங்க தூங்குறதுக்குத்தான் காசு” என்று எழுதினேன். பதிலில்லை. அண்ணி மட்டும் கட்டைவிரல் காட்டினார். இரண்டு அறைகளுக்கு முன்பதிவு செய்து ரசீதைக் குழுவில் போட்டுவிட்டேன்.