இரண்டு கணக்குப் புத்தகங்கள்

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. மெல்பேர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில், பன்னிங்ஸ் கடை வாசலில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். ட்ரில் பிட் வாங்க வந்த நண்பர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, “என்ன பாஸ், வேலை போயிடுச்சா?” என்றார். அவரும் என்னைப் போலத் தகவல் தொழில்நுட்ப ஆலோசகர்தான். சிரித்து வைத்தேன். அவர் விடவில்லை. எத்தனை பேர் நிற்கிறீர்கள், எத்தனை மணி நேரம், மிச்சம் எவ்வளவு என்று அடுக்கினார். எட்டுப் பேர், ஆளுக்கு நான்கு மணி நேரம், செலவு போக ஆயிரம் டாலர் தேறும் என்றேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வகுத்துவிட்டார். “மணிக்கு முப்பத்தோரு டாலர். உங்க ரேட்ல கால்வாசிகூட இல்ல. ஒரு மணி நேரம் ஓவர்டைம் பாத்து அந்தக் காசைக் குடுத்துட்டு வீட்ல நிம்மதியா தூங்கலாமே.”

கணக்கில் பிழையில்லை. பத்து வருடங்களுக்கு முன் நானே இதே கணக்கைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் ஆங்கிலம் கலந்து. ஆனால் அந்த ஒரு மணி நேர ஓவர்டைமை நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. பார்த்து, அந்தக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தூங்கிய ஒருவரைக்கூட இந்த இருபது வருடத்தில் நான் சந்திக்கவில்லை. அன்றைக்கு வரிசை நீண்டிருந்ததால் நண்பருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

சேவைச் சங்கம் என்றதும் நம்மில் பலருக்கு ஊரில் பார்த்த காட்சிதான் நினைவுக்கு வரும். கோட்டுப் போட்டவர்கள், பொன்னாடை, ஒரு தையல் இயந்திரத்தைத் தொட்டுக்கொண்டு பதினான்கு பேர் நிற்கும் புகைப்படம். எங்கள் சங்கம் அரிமாவா ரோட்டரியா என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றதைச் சேர்ந்தவர்கள் வருத்தப்படுவார்கள். உறுப்பினர்கள் பதினேழு பேர். நாற்பத்தாறு வயதில் நான்தான் குழந்தை. மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமைகள், மாலை ஏழு மணிக்கு, ஒரு பௌலிங் கிளப்பின் பின்னறையில் கூடுவோம். வர இயலாதவர்களின் பெயர்கள், போன கூட்டத்தின் குறிப்புகள், வந்த கடிதங்கள், பொருளாளர் அறிக்கை, தீர்மானம், முன்மொழிதல், வழிமொழிதல். முதல் ஆறு மாதம் நான் மேசைக்கடியில் அலுவலக மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் போனை மேசைக்கு மேலே எடுத்து வைக்க வைத்தது இருபத்து மூன்று டாலர் ஐம்பது காசு.

எங்கள் பொருளாளர் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. வயது எழுபத்தெட்டு. அவரிடம் இரண்டு கணக்குப் புத்தகங்கள் உண்டு, வங்கியிலும் இரண்டு கணக்குகள். ஒன்று நிர்வாகக் கணக்கு: நாங்கள் கட்டும் சந்தா, கூட்டத்தன்று சாப்பிடும் சாப்பாட்டுக்கு நாங்களே கொடுக்கும் பணம். இன்னொன்று பணிகளுக்கான கணக்கு: பொதுமக்களிடம் வாங்கிய ஒவ்வொரு காசும் அதில் போகும். இந்த வகைச் சங்கங்களில் பெரும்பாலும் உள்ள ஏற்பாடுதான் இது. பொதுமக்கள் கொடுத்தது பொதுமக்களுக்கே போக வேண்டும், சங்கத்தை நடத்தும் செலவு உறுப்பினர்களின் சட்டைப்பையிலிருந்து வர வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் இரண்டாவது புத்தகத்தை வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். சாசேஜ் கடையில் நின்றவர்கள் குடித்த காப்பிக்கு, கடைக் கல்லாவிலிருந்து இருபத்து மூன்று டாலர் ஐம்பது காசு எடுக்கப்பட்டிருக்கிறது. பானங்களைக் குளிர வைக்க வாங்கிய ஐஸ் பணிக் கணக்கில் சரி. ஆனால் நாம் குடித்த காப்பி? பன்னிரண்டு நிமிடம் விவாதம் நடந்தது. கடைசியில் ஒரு தீர்மானம், வழிமொழிதல், நிர்வாகக் கணக்கிலிருந்து பணிக் கணக்குக்கு இருபத்து மூன்று டாலர் ஐம்பது காசு மாற்றம். காப்பி குடித்தவர்களில் நானும் ஒருவன். அதை வாங்கி வரச் சொன்னதே நான்தான்.

எனக்கு முகம் சுட்டது காப்பிக்காக அல்ல. நானும் ஒரு காலத்தில் பொருளாளராக இருந்தவன்.

பல வருடங்களுக்கு முன் நம்மவர்கள் நடத்திய ஓர் அறக்கொடை இரவு. சென்னையிலிருந்து பாடகர், அவருக்கும் வாத்தியக்காரர்களுக்கும் விமானச் சீட்டு, ஓட்டல், எல்இடி திரை, மூன்று வகை இனிப்புடன் விருந்து, மேடையேறியவர்களுக்கெல்லாம் நினைவுப் பரிசு. நாற்பத்தோராயிரம் டாலர் வசூலானது. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கு நாங்கள் அனுப்பியது ஆறாயிரத்துக்கும் கீழே. மேடையில் தூக்கிப் பிடித்த அட்டைக் காசோலைக்கு மட்டும் நூற்றெண்பது டாலர். பொருளாளராக நான் செய்தது, ‘இலக்கை எட்டினோம்’ என்று ஒரு ஸ்லைடு. கைதட்டினார்கள். கணக்கைக் கேட்டவர் ஒருவருமில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். கேட்காததால் காட்டவில்லை.

யாரும் திருடவில்லை. ஒரு டாலரைக்கூட யாரும் பையில் போட்டுக்கொள்ளவில்லை. திருடியிருந்தால் திருடனைப் பிடித்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக இருந்திருக்கலாம். நாணயமான, படித்த, நல்ல சம்பளக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து, தங்கள் சனிக்கிழமை இரவுக்கு முப்பத்தையாயிரம் செலவழித்துவிட்டு அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்தோம். கச்சேரி வேண்டுமென்றால் கச்சேரி வையுங்கள், நானே முதல் வரிசைக்குச் சீட்டு வாங்குகிறேன். விளம்பரத்தில் கழிப்பறை இல்லாத பிள்ளைகளின் படத்தைப் போடாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், “இந்த ரெண்டு புத்தகம், மினிட்ஸ் எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். நம்மகிட்ட அது ஒட்டாது.” சாத்தூர் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். திருவிழா முடிந்து வரும் வாரத்தில் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒருவர் வரவு செலவை வாசிப்பார். பந்தல்காரருக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, வாழைக்கு இவ்வளவு. “மைக் செட்டுக்கு எப்படிய்யா நூறு ரூவா கூடுச்சு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும், சண்டை வரும், சில வருடம் வேட்டியை மடித்துக் கட்டுவதுவரை போகும். மறுநாள் கணக்கு சாவடிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத என் தாத்தா அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார், அவர் கொடுத்த வரி அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று. கல்யாண வீட்டு மொய் நோட்டை நாற்பது வருடம் பத்திரப்படுத்துகிற சமூகம் நாம். பேரேடு நமக்குப் புதிதல்ல. ஊரிலிருந்து விமானம் ஏறும்போது மேடையையும் பொன்னாடையையும் எடுத்துக்கொண்டு சாவடிச் சுவரை விட்டுவிட்டு வந்தோம். சங்கங்கள்கூட அப்படியொன்றும் அந்நியமில்லை. 1905இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி மெல்பேர்னுக்கு வந்தது 1921இல், சென்னைக்கு 1929இல். எட்டே வருட இடைவெளி.

இனி நண்பரின் முப்பத்தோரு டாலருக்கு வருகிறேன். காசு போதும், ஆள் வேண்டாம் என்பதுதானே அவர் வாதம்.

எங்கள் சங்கம் வியாழக்கிழமைதோறும் ஒரு தொடக்கப்பள்ளியில் காலை உணவு கொடுக்கிறது. விக்டோரியாவில் 2016 முதல் மாநில அரசும் ஃபுட்பேங்க் விக்டோரியாவும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் உணவு பள்ளிக்கு வந்துவிடுகிறது. சீரியல், பழம், பால், எல்லாம் இலவசம். அங்கே பணத்துக்குத் தட்டுப்பாடில்லை. காலை ஏழே முக்காலுக்கு வந்து ரொட்டி சுட்டு, தட்டில் வைத்து, அதற்குப் பிறகு மேசையைத் துடைக்க ஆள்தான் வேண்டும். என் நண்பரின் நூற்று நாற்பது டாலரை டோஸ்டரில் போட முடியாது.

வியாழன் வீட்டிலிருந்து வேலை என்பதால் நானும் போகிறேன். முதல் மாதம் ஒரு நாள், இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று என் கழுத்தில் தொங்கிய பெயரட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தது. பிறகு மெல்ல, “அங்கிள், இன்னுமொண்டு எடுக்கலாமோ?” என்றது. எடுத்துக்கொள் என்றேன். ஒன்றை அங்கேயே தின்றது. ஒன்றைக் காகிதக் கைதுடைப்பில் சுற்றிப் பைக்குள் வைத்தது, தம்பிக்கு என்று. வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் இழுபடும் குடும்பம் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் அட்டைக் காசோலையைத் தூக்கிப் பிடித்த மண்டபம் அந்தப் பள்ளியிலிருந்து காரில் ஐந்து நிமிடம். அறக்கொடை இரவுக் குழுவில் இருந்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் இப்படிப் பிள்ளைகள் இங்கேயே இருப்பது தெரியாது. பௌலிங் கிளப் பின்னறையில் கூடும் பதினேழு பேருக்குத் தெரியும். அவர்களில் தமிழர் நான் ஒருவன் மட்டுமே. அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் தெரிந்துகொள்ளவில்லை. வியாழன்தோறும் போகிறார்கள், அதனால் தெரிகிறது.

சாசேஜ் கடையும் அப்படித்தான். 2022இல் விலையை இரண்டரை டாலரிலிருந்து மூன்றரையாக உயர்த்தினார்கள். பதினைந்து வருடத்தில் முதல் உயர்வு, வந்த பணம் முழுவதும் கடை போட்ட சங்கத்துக்கே. (2018இல் வெங்காயம் ரொட்டியின் அடியில் இருக்க வேண்டும், கீழே விழுந்து யாரும் வழுக்கிவிடக் கூடாது என்று அறிவுறுத்தல் வந்தபோது அன்றைய பிரதமர்வரை கருத்துச் சொன்னார். சைவன் என்பதால் நிரந்தர வெங்காயப் பொறுப்பில் இருக்கும் எனக்கு அது முக்கியமான வரலாறு.) அங்கே வரும் கிழவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் இரண்டு வாங்குவார். ஒரு மாதம் ஒன்று வாங்கினார். மனைவி போய்விட்டார் என்று அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஒருவர் அவரை மருத்துவமனைக்கு ஓட்டிப்போகிறார்.

சங்கத்தின் குறைகளை மறைக்க மாட்டேன். அரிமா சங்கங்களுக்குள் பெண்கள் உறுப்பினராக 1987 ஆனது. ரோட்டரிக்கு அதே ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டியிருந்தது, விதி மாறியது 1989இல். எங்கள் கூட்டத்தில் இன்னும் மன்னருக்கு வாழ்த்துச் சொல்லிக் கோப்பை உயர்த்துகிறார்கள், நான் தண்ணீரை உயர்த்துகிறேன். என் பெயரை மூன்று வருடமாக மூன்று விதமாகச் சொல்கிறார்கள். புதிதாக நிதி திரட்ட யோசனை என்றதும் எல்லோரும் என் பக்கம் திரும்பி “கறி நைட்?” என்கிறார்கள். எரிச்சல் வராமலில்லை. ஆனால் கறி நைட்டின் கணக்கும் இரண்டு புத்தகமாகத்தான் எழுதப்படும் என்பது எனக்குத் தெரியும்.

நம்மிடம் இந்தக் குணம் அடியோடு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகளைப் பாருங்கள். வருடக்கணக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து, நாற்காலி அடுக்கி, அகரம் எழுதவைத்து, குப்பையைக் கட்டி வெளியே வைத்துவிட்டுப் போகும் தாய்மார்கள் இருக்கிறார்கள். நான் பொருளாளராக இருந்த இரவில் அவர்களில் ஒருவர்கூட மேடையில் இல்லை. பொன்னாடைப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான், எனக்குத் தெரியும்.

கூட்டம் அலுப்பு என்கிறார்கள். அலுப்புத்தான். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் டீம்ஸில், வேறொருவரின் திரையைப் பார்த்துக்கொண்டு, கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே, அது என்ன திருவிழாவா? அங்கே நமக்குச் சம்பளம், இங்கே இல்லை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

சங்கத்தின் ஆண்டு ஜூன் 30உடன் முடிகிறது. அடுத்த ஆண்டுக்குத் தலைவர் பொறுப்பேற்க ஆளில்லை. பொருளாளருக்குக் கண் மங்கிவிட்டது. புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும் என்கிறார். ஜூன் மாதத்து இரண்டாவது செவ்வாயன்று, சங்கத்தைத் தொடர்வதா, பட்டயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதா என்று வாக்கெடுப்பு. மூடினால் பணிக் கணக்கில் மிச்சமுள்ள பணத்தை விதிப்படி வேறோர் அறப்பணிக்கு மாற்றிவிடுவார்கள், ஒரு காசு வீணாகாது. வியாழக்கிழமை ரொட்டியை யார் சுடுவது என்பதற்கு விதியில் ஒன்றும் எழுதியில்லை.

கண்ணுக்குச் சிகிச்சை முடியும்வரை புத்தகங்களை நான் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். எக்ஸெலில் ஏற்றிவிடலாமா என்று கேட்டேன். ஏற்றிக்கொள், ஆனால் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும் என்றார். நண்பருக்கு ஒரு செய்தி: ஜூன் முதல் சனிக்கிழமை கடை போடுகிறோம், பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை இரண்டு இடம் காலி. வெங்காயத்தை மட்டும் தர மாட்டேன்.