இறந்த சேர்வரின் பெயரை ஏட்டிலிருந்து நீக்குங்கள்

வன்னியில் வியாபாரம் செய்யும் நமது சகோதரர்கள் கொப்பிக் கணக்கிலிருந்து கணனிக்கு மாறி வருகிறார்கள். வவுனியாவில் தலைமைக் கடையும் கிளிநொச்சி, முல்லைத்தீவில் கிளைகளும் வைத்திருப்பவர் அனைத்தையும் ஒரே வலையமைப்பில் இணைத்துவிடலாம். எந்த ஊழியர் எந்தக் கணனியைத் திறக்கலாம், எந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்ற விபரமெல்லாம் அங்கே ஒரு பெயரேட்டில் இருக்கும். மைக்ரோசொப்ட் நிறுவனம் இதனை 'அக்டிவ் டிரெக்டரி' என்கிறது. இந்த ஏட்டை வைத்திருக்கும் சேர்வருக்கு 'டொமைன் கொன்ட்ரோலர்' என்று பெயர்.

இடி மின்னலில் இந்த சேர்வர் எரிந்துபோனால் என்ன செய்கிறோம்? புதியதொன்றை வாங்கிப் பூட்டுகிறோம். பில் அடிக்க முடிந்தவுடன் திருத்த வந்தவருக்குக் காசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அத்துடன் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் தவறு.

மௌத்தான பங்காளியின் பெயரை வங்கிக் கணக்கில் அப்படியே விட்டுவைத்தால் என்னவாகும்? அவரது கையெழுத்துக்காகக் காசோலைகள் காத்துக் கிடக்கும். இங்கும் அதே கதைதான். எரிந்துபோன சேர்வரின் பெயர் ஏட்டில் இருக்கும் வரை மற்றைய சேர்வர்கள் அதனுடன் பேச முயன்று தோற்றுக்கொண்டே இருக்கும். கிளைக் கணனிகளும் அதனைத் தேடித் தாமதிக்கும்.

2017 ஜூன் 27ஆம் திகதி 'நொட்பெட்யா' என்ற நாசகார மென்பொருள் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. அதன் சுமார் 150 டொமைன் கொன்ட்ரோலர்களில் கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டுமே தப்பியது. அதுவும் அந்நேரம் அங்கு மின்சாரம் தடைப்பட்டிருந்ததால்! அந்த ஒன்றிலிருந்த தகவலைக் கையிலே சுமந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றுதான் வலையமைப்பை மீளக் கட்டினார்கள். நட்டம் 25 முதல் 30 கோடி டொலர். அத்தனை பெரிய நிறுவனத்தையே ஒரு மின்வெட்டுத்தான் காப்பாற்றியது என்றால், ஒரேயொரு சேர்வரை நம்பியிருக்கும் நமது நிலை என்ன?

எனவே, கடைசிக் கொடுப்பனவுக்கு முன் திருத்துநரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். பழைய சேர்வர் வகித்த விசேட பொறுப்புகள் உயிரோடுள்ள சேர்வருக்கு மாற்றப்பட்டனவா? அதன் பெயர் அக்டிவ் டிரெக்டரியிலிருந்தும் டிஎன்எஸ் பதிவிலிருந்தும் நீக்கப்பட்டதா? கிளைக் கணனிகள் இப்போது எந்த முகவரியைப் பார்க்கின்றன? விண்டோஸ் சேர்வர் 2008 முதல் செயலிழந்த சேர்வரின் கணக்கை அழித்தாலே பெரும்பாலான எச்சங்கள் நீங்கிவிடும். ஆகவே நேரமில்லை என்ற சாட்டு செல்லாது.

இன்னொரு எச்சரிக்கை. எரிந்த சேர்வரைத் திருத்தி, "முல்லைத்தீவுக் கிளைக்குப் போடுவோமே" என்று யாராவது சிக்கனம் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். அதன் பொறுப்புகளை வேறொன்று பறித்தெடுத்த பின், பழையது முழுமையாக அழிக்கப்படாமல் வலையமைப்புக்குள் வந்தால் ஒரே கடைக்கு இரண்டு முதலாளிகள் வந்த கதையாகிவிடும்.

பெயரேட்டைத் துப்புரவாக்குவதென்றால் ஏடு கையில் இருக்க வேண்டும். ஆகவே இரண்டாவது டொமைன் கொன்ட்ரோலர் ஒன்றையும், கடைக்கு வெளியே ஒரு பெக்கப்பையும் வைத்திருங்கள். 2023 ஓகஸ்டில் நமது அரசாங்கத்தின் கிளவுட் சேவை தாக்கப்பட்டபோது, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பெக்கப் இன்றி அழிந்தன. அரசாங்கம் அதைத் தாங்கிக்கொள்ளும். கடன் கொப்பியையே கணனிக்குள் வைத்திருக்கும் வியாபாரி தாங்குவாரா?