நீலம் பிழையா?

“முகம் தெரியல தோழர், கொஞ்சம் வெளுப்பா வைங்க.” ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நம் ஊர்வலக் காணொளிகளை எடிட் செய்ய உட்கார்ந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்கிறோம் என்ற பெயரில் கருப்புத் தோல் மாநிறமாகிறது. இதை ரசனை என்கிறோம். சாதிச் சமூகம் நம் கண்ணில் ஏற்றிவைத்த அளவுகோல் என்று சொல்லத் தயங்குகிறோம்.

ஒயிட் பேலன்ஸுக்கும் முகத்தை வெளுக்கவைப்பதற்கும் தொடர்பே இல்லை. விளக்கின் நிறத்தைக் கழித்து, வெள்ளைத் தாளை வெள்ளையாகக் காட்டுவதுதான் அதன் வேலை. நடுப்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின். சோடியம் விளக்கு சுமார் 2000. சிப்காட்டில் இரவு ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியின் முகத்தில் சோடியம் விளக்கு ஏற்றும் மஞ்சளைக் குறைக்கலாம். அவர் நிறத்தைக் குறைக்க நாம் யார்?

“கேமராவுக்குச் சாதி உண்டா?” என்று கேட்பவர்களுக்கு வரலாறு பதில் சொல்லும். கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் வண்ண அச்சுக்கு அளவாக வைத்தது ‘ஷெர்லி அட்டை’யில் இருந்த வெள்ளைப் பெண்ணின் முகத்தை. கருப்பு முகங்கள் அதில் இருண்டே போயின. மர நாற்காலியும் சாக்லேட்டும் படத்தில் சரியாக விழவில்லை என்று வியாபாரிகள் புகார் செய்த பிறகுதான் நிறுவனம் அசைந்தது என்று ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனிதரைவிட மரச்சாமானுக்கு மதிப்பு!

ஆட்டோ ஒயிட் பேலன்ஸிலும் இப்படி ஒரு அனுமானம் உண்டு: காட்சியிலுள்ள எல்லா நிறங்களையும் சராசரி எடுத்தால் சாம்பல் வரவேண்டும். பல கேமராக்களின் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏப்ரல் 14 ஊர்வலத்தில் திரை முழுக்க நீலக்கொடி நிறைந்தால், அந்த நீலத்தை வெளிச்சத்தின் கோளாறாக எடுத்துக்கொண்டு கேமரா மஞ்சளைக் கூட்டக்கூடும். கொடி மங்கும், முகங்கள் ஆரஞ்சாகும். ஆக்‌ஷன் கேமராக்கள் பெரும்பாலும் சுருக்கிய காணொளியையே பதிவதால், பிறகு இதை முழுதாக மீட்கவும் முடியாது.

ஆகவே தோழர்களே, ஆட்டோவை அணையுங்கள். பகலில் 5500 வைத்துப் பூட்டுங்கள். தொடங்கும்முன் ஐந்து நொடி ஒரு சாம்பல் அட்டையைப் படமெடுங்கள். எடிட்டிங்கில் அந்த அட்டையை வைத்துச் சரிசெய்யுங்கள், முகத்தை வைத்து அல்ல. எதிர்வெயிலில் முகம் இருண்டிருந்தால் எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள், நேரில் கண்ட அளவுக்கு மட்டும். டாவின்சி ரிசால்வின் வெக்டர்ஸ்கோப்பில் தோல்நிறக் கோடு ஒன்று உண்டு. கருப்போ சிவப்போ, எல்லா மனிதத் தோலும் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். மனுவுக்குத் தெரியாதது இந்த மென்பொருளுக்குத் தெரிந்திருக்கிறது.

வன்கொடுமைக் காட்சி பதிவாகியிருந்தால் மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது. பாரதிய சாக்ஷிய அதினியம் 2023, பிரிவு 63இன் கீழ் தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். நிறம் திருத்திய நகலின் ஹாஷ் மூலத்தோடு பொருந்தாது. நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

நம்மை வெளுத்துக் காட்டித்தான் நம் நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த நியாயம் யாருக்காக? கருப்பு கருப்பாகவும் நீலம் நீலமாகவும் இருக்கட்டும்.

ஜெய் பீம்!