கணனி செத்துவிட்டதா, பவர் சப்ளை செத்துவிட்டதா?

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களில் ஒரு காலை எனது கடைக் கணனி இயங்க மறுத்தது. ஆளியை அழுத்தினால் மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். வெளியூர் வியாபாரிகள் தரவேண்டிய மூன்று வருடக் கடன் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. வேறு பிரதி என்னிடம் இல்லை.

வந்து பார்த்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "நானா, போட் போயிட்டு. புதுசு ஒண்டு எடுக்கிறதுதான் நல்லம்" என்றார். ஒரு இலட்சத்துக்கு மேல் விலையும் சொன்னார். கையில் காசு இருந்திருந்தால் அன்றே வாங்கியிருப்பேன். இல்லாததால் தப்பினேன்.

அடுத்த நாள் வந்த தம்பி வேறு விதமாக வேலையைத் தொடங்கினார். முதலில் சுவர் பிளக்கையும் வயரையும் பார்த்தார். பின்னர் பவர் சப்ளையைத் தனியே கழற்றி, மீற்றர் வைத்து அளந்தார். 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 11.4 க்குக் குறையக் கூடாது, 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 4.75 க்குக் குறையக் கூடாது என்று விளக்கினார். எனது பெட்டியில் இரண்டுமே குறைவு. வேறொரு பவர் சப்ளையைப் பொருத்தியதும் கணனி உயிர்த்தது. ஆனால் பத்து நிமிடத்தில் தானாக நின்று மீண்டும் தொடங்கியது.

அப்போதுதான் மதர்போட்டைக் காட்டினார். மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கி அனுப்பும் சிறு உருளைகளான கெபாசிட்டர்கள் நான்கின் தலை உப்பியிருந்தது. ஒன்றில் கபில நிறத்தில் கசிவும் இருந்தது. நான்கையும் மாற்றினார். வோல்ட் அளவு குறையாமல், கொள்ளளவு அதே அளவில், 105 பாகை வெப்பம் தாங்கும் வகையில் வாங்க வேண்டும் என்றார். புதிய பவர் சப்ளையோடு முழுச் செலவும் புதிய கணனியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹாட் டிஸ்க்கில் இருந்த கணக்குக்கு எதுவும் நேரவில்லை.

குற்றம் என்னுடையது. ஒரு வருடத்துக்கு முன் பவர் சப்ளை பழுதானபோது, இருப்பதில் மலிவானதைக் கேட்டு வாங்கியவன் நான்தான். துணியைத் தொட்டுத் தரம் சொல்லும் நாம், அரிசியைக் கையில் அள்ளியே வயது சொல்லும் நாம், கணனிக்குள் போகும் சாமானை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். 500 வாட் என்று ஒட்டியிருந்தாலும் கையில் தூக்கும்போது பாரமே இல்லையென்றால் அதை நம்ப வேண்டாம்.

மலிவுப் பெட்டிகள் மட்டும்தான் இப்படி என்பதும் இல்லை. 2000 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தரமற்ற கெபாசிட்டர்கள் உலகெங்கும் பரவின. டெல் நிறுவனமே தனது ஒப்டிபிளெக்ஸ் கணனிகளைத் திருத்துவதற்காக 2005 இல் 30 கோடி டொலரை ஒதுக்க வேண்டியதாயிற்று. சில சதப் பொருளின் தரக் குறைவு, பெரிய முதலாளியையும் விட்டுவைக்கவில்லை.

கணனி முன்கூட்டியே சைகை காட்டுகிறது. முதல் அழுத்தலில் இயங்காமல் மூன்றாவதில் இயங்கினால், வேலையின் நடுவே தானாக நின்று தொடங்கினால், உடனே ஆளை அழையுங்கள். எனக்கு இரண்டு மாதம் சைகை காட்டியது, நான் பொருட்படுத்தவில்லை. தூசியும் வெப்பமும் கெபாசிட்டரின் ஆயுளைக் குறைக்கும். ஆகவே கணனியை அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் இடையில் திணிக்காதீர்கள். ஆனால் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பின்னரும் அதற்குள் 300 வோல்ட் அளவில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து.

திருத்துபவர் "போட் போயிட்டு" என்றால், "பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தீர்களா? எந்தக் கெபாசிட்டர் உப்பியிருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் கணக்கை இன்றே கடை மூடுமுன் பென் டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். கணனி போனால் இன்னொன்று வாங்கலாம். கணக்குப் போனால், யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை அவரவர் வாயால்தான் கேட்க வேண்டிவரும்.